டிப்ஸ்டிக்கில் பால் கலந்த ஆயில்: 15 வயது ஜப்பான் டிராக்டரை ரிப்பேர் பண்ணலாமா, தள்ளிவிடலாமா?

ஜப்பானின் குபோட்டா நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவில் தனது விவசாய இயந்திர நிறுவனத்தைத் தொடங்கியது 2008 டிசம்பரில். அடுத்த சில ஆண்டுகளில் தாய்லாந்திலும் ஜப்பானிலும் தயாராகிக் கப்பலில் வந்த ஆரஞ்சு நிற டிராக்டர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் இறங்கின. அன்றைக்குப் புதுசாக வாங்கிய வண்டிகள் இப்போது 15 வயதை நெருங்குகின்றன. சில தாண்டியும்விட்டன.

வாங்கியவர் அப்பா. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும்: டிப்ஸ்டிக் முனையில் பால் கலந்த டீ மாதிரி ஆயில். கூடவே ஒரு கேள்வி. செலவு பண்ணி ரிப்பேர் பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

பெரும்பாலான வண்டிகளுக்குப் பதில்: ரிப்பேர் பார்க்கலாம். ஆனால், ஆயில் வெளுத்த பிறகு எத்தனை நாள் ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் மாறும். டெல்டாவில் இந்த வண்டிகளைக் கொல்வது எஞ்சின் ஓடிய மணிநேரம் அல்ல. சேற்றுத் தண்ணீர். அது உள்ளே போகும் வழி, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையங்கள்.

சேற்றுக்கு ஏன் இலகுவான வண்டி?

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி சேடை ஓட்டும்போது, மேலே உள்ள மண் குழம்பாகிறது. அதற்குக் கீழே, பல தலைமுறை உழவில் இறுகிப்போன ஓர் அடுக்கு இருக்கிறது. தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். மாடோ டிராக்டரோ கால் ஊன்றி நிற்பதும் அதன் மேல்தான். கனமான வண்டி அந்த அடுக்கை உடைத்தால் இரண்டு நஷ்டம்: வண்டி புதையும், அடுத்த வருடத்திலிருந்து அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது.

ஜப்பானிலும் இதே நெல் வயல், இதே பிரச்சினை. அதனால்தான் அங்கே வடிவமைத்த டிராக்டர்கள் எடை குறைவாகவும் நான்கு சக்கரமும் இழுப்பதாகவும் இருக்கின்றன. குபோட்டாவின் எல் 4508 மாடல் 45 எச்பி. எடை 1,400 கிலோவுக்கும் குறைவு. அதே சக்தி கொண்ட வழக்கமான இந்திய டிராக்டர்கள் பல இதைவிடச் சில நூறு கிலோ அதிகம். களிமண் வயலில் அந்தச் சில நூறு கிலோதான், வண்டி வரப்பேறி வெளியே வருமா, இன்னொரு டிராக்டர் வந்து இழுக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

டெல்டாவுக்கு ஜப்பான் தொடர்பு புதுசு இல்லை. 1960களின் நடுவில் குறுவையின் முகத்தையே மாற்றிய ஆடுதுறை 27 ரகத்தின் தாய் தந்தையரில் ஒன்று நோரின் 10 என்ற ஜப்பானிய நெல். பெங்களூரில் 1967இல் தொடங்கிய விஎஸ்டி நிறுவனம் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் பவர் டில்லர் செய்தது. பின்னாளில் மிட்சுபிஷி பெயரில் குட்டி டிராக்டரும் வந்தது. கேரளத்தின் காம்கோ டில்லருக்கும் தொழில்நுட்பம் குபோட்டாவிடமிருந்துதான். டில்லரின் பின்னால் சேற்றில் நடந்த தலைமுறைதான் பிறகு இந்த ஃபோர் வீல் வண்டிகளில் ஏறி உட்கார்ந்தது.

இன்னொரு பக்கம், நேரம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் வந்துவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். அதைவிட நெருக்கடி, குறுவை அறுத்துத் தாளடி நடும் அக்டோபர் மாதம். மேலே வடகிழக்கு மழை, கீழே சேறு. அந்த நேரத்தில் வண்டி படுத்தால் சொந்த நிலம் மட்டும் நிற்காது. ‘மா’க்கு இவ்வளவு என்று வாடகை பேசி வைத்த பத்து பேருடைய வயலும் நிற்கும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது?

முதல் இடம் முன் ஆக்ஸில். குபோட்டா போன்ற வண்டிகளில் முன் சக்கரத்துக்குச் சக்தி போவது கார்களில் உள்ள மாதிரி வெளியே தெரியும் ஜாயின்ட் வழியாக அல்ல. ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கும் பெவல் கியர்கள் வழியாக. ஸ்டியரிங் நன்றாக ஒடியும். சேறும் எளிதில் ஒட்டாது. நல்ல அமைப்புதான். ஆனால் அந்தப் பெட்டி திரும்பும் இடத்திலும் சக்கரம் மாட்டும் இடத்திலும் சீல்கள் இருக்கின்றன. சேற்றில் முன் ஆக்ஸில் பாதி முங்கியபடியே நாள் முழுக்க ஓடுகிறது.

சீல் தானாகத் தேய்வது மெதுவாக நடக்கும். அதை ஒரே நாளில் வெட்டிப் போடுவது வைக்கோலும் நைலான் கயிறும். உர மூட்டைக் கயிறு, பழைய வலைத் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகின்றன. சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்ட கயிறு இறுகி இறுகி சீலின் உதட்டுக்குள் போய்விடும். சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்க்கிற டிரைவர், முதலாளிக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்துகிறார்.

பலர் கவனிக்காத காரணம் ஒன்றும் இருக்கிறது. நாலு மணி நேரம் ஓடிய கியர் பெட்டி சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடு. அப்படியே வண்டியைக் குளிர்ந்த வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகத்தான் பிரீதர் என்ற சின்ன மூச்சுத் துளை. அது சேறு பூசி அடைத்திருந்தால், ஆக்ஸில் மூச்சை சீல் வழியாக இழுக்கும். சீலுக்கு வெளியே இருப்பது தண்ணீர். சீல் புதுசாக இருந்தும் ஆயில் வெளுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துளையைத்தான்.

பின்பக்கம் கதை வேறு. சேற்றுக்காகப் பின் டயரோடு சேர்த்து இரும்பு கேஜ் வீல் மாட்டுகிறார்கள். பிடிப்பு கிடைக்கும். ஆனால் சுமை சக்கரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் போகிறது. நீளமான ஸ்பானரில் குறைந்த பலத்திலேயே போல்ட் திரும்புகிறதே, அதே கணக்குதான்: தள்ளிப்போன சுமை பின் ஆக்ஸில் பேரிங்கை அதிகமாக வளைக்கிறது. பேரிங்கில் ஆட்டம் விழுந்தால் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் எந்த சீலும் தாங்காது. பின் சீலை மூன்றாவது முறை மாற்றுகிறவர் சீலைத் திட்டுவதை நிறுத்திவிட்டு பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம் கிளட்ச் ஹவுசிங். அதன் அடியில் ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. மழையில் ஓட்டிய பிறகும் வண்டியைக் கழுவிய பிறகும் அதைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்று குபோட்டாவின் ஓட்டுநர் கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாத வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மாற்ற வேண்டுமானால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஒரே ஆயில், மூன்று வேலை

“தூக்க மாட்டேங்குதுண்ணே” என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் உண்மையிலேயே போனவை சிலதான். பல வண்டிகளில் தவறு ஆயிலில் இருக்கிறது.

இந்த வகை டிராக்டர்களில் கியர் பெட்டி, ஹைட்ராலிக், ஆயிலில் முங்கியிருக்கும் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியருக்கு அது பல்லைக் காக்க வேண்டும். ஹைட்ராலிக்குக்கு லேசாக ஓட வேண்டும். பிரேக்குக்கு அளவோடு பிடிப்பும் தர வேண்டும். இதற்கென்றே தனி வகை ஆயில் விற்கிறார்கள். கையேடு அதன் தரக் குறியீட்டைச் சொல்கிறது. ‘கியர் பெட்டிதானே’ என்று 90 கியர் ஆயிலை ஊற்றினால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் காலையில் லிஃப்ட் மெதுவாக எழும், பிரேக் கறகறக்கும், பம்ப் ஆயிலை உறிஞ்சத் திணறும். ஆயிலில் மிச்சம் பிடிக்க நினைத்தவர் பம்ப்பில் அதைக் கொடுப்பார்.

ஆயில் வெளுத்திருந்தால் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர் வந்த வழியை அடைக்க வேண்டும். பிறகு வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, அதே தரத்தில் புது ஆயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். மூலை முடுக்கில் தங்கிய தண்ணீர் அதிலும் கலந்து வரும். அதையும் இறக்கிவிட்டு இரண்டாம் முறை நிரப்பினால்தான் சுத்தமாகும். இரண்டு முறை ஆயில் என்றதும் மனசு வராதுதான். ஆனால் வெளுத்த ஆயிலோடு ஒரு சேடைப் பருவம் முழுக்க ஓட்டினால் பேரிங்கில் துருப் புள்ளி விழும். பெவல் கியர் பல்லும் தேயும். சீல் செலவு ஒருநாள் டீசல் காசுக்குள் முடியும். கியர் செட் என்றால் கணக்கே வேற.

சீல் கடையில் ஏமாறும் இடம்

ஆயில் சீலின் மேல் மூன்று எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக 40, 62, 8 என்று இருந்தால் உள் விட்டம் 40 மி.மீ., வெளி விட்டம் 62, தடிமன் 8. பேரிங்குக்கும் இப்படி உலகப் பொது எண் உண்டு. 6205 என்றால் ஒசாகாவிலும் அதே அளவு, மன்னார்குடியிலும் அதே அளவு. ஆகவே இறக்குமதி வண்டி என்பதற்காக எல்லாப் பாகத்துக்கும் கம்பெனியிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. பெரிய பேரிங் கடை ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அளவு ஒன்றாக இருந்தும் சீல் ஒன்றாக இருக்காது. சாதாரண சீலுக்கு ஒரே உதடு. உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் பார்ப்பது அதன் வேலை. சேற்று வண்டியின் வீல் சீலுக்கு வெளிப்பக்கமும் உதடுகள் உண்டு. சேறு உள்ளே வராமல் தடுக்க. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கேட்காவிட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். ஒற்றை உதடு சீல் போட்ட வண்டி முதல் மழை வரை நன்றாகத்தான் இருக்கும். பழைய சீலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போவது நல்லது.

இன்னொன்று, ஷாஃப்ட். பழைய சீல் உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த சீலைப் போட்டாலும் ஒழுகும். லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். அல்லது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, பள்ளம் இல்லாத இடத்தில் உதடு படும்படி செய்யலாம். நல்ல ஃபிட்டர்களுக்கு இது பழக்கமான வித்தை.

ஃபிட்டர் நல்லவரா என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவருடைய ஸ்பானர் பெட்டியில் ஒரு குறிப்பு கிடைக்கும். 8 மி.மீ. போல்ட்டின் தலைக்கு இந்தியாவில் பெரும்பாலும் 13ஆம் எண் ஸ்பானர் பிடிக்கும்; ஜப்பான் தரத்தில் 12. அதுபோல 10 மி.மீ. போல்ட்டுக்கு அங்கே 14. பெட்டியில் 12ம் 14ம் தேய்ந்திருந்தால் ஜப்பான் வண்டி அவர் கைக்குப் பழக்கம். கட்டிங் பிளையரால் போல்ட்டைத் திருப்புகிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

எஞ்சின் பக்கம் பயம் குறைவு

50 எச்பிக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம் 4 என்ற கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்காக எலக்ட்ரானிக் கட்டுப்பாடுகள் ஏறின. இங்கே பேசும் பழைய வண்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. பம்ப், நாசில், வால்வு எல்லாமே இரும்பு வேலை. சுத்தமான டீசல், காற்று, ஆயில் இருந்தால் எஞ்சின் அதிகம் தொந்தரவு தராது.

டீசல்தான் டெல்டாவில் சோதனை. பங்கிலிருந்து கேனில் வாங்கி வந்து, வயலோரம் வைத்து, மழைச் சாரலில் ஊற்றுகிறோம். கேனின் அடியில் நிற்கும் தண்ணீரும் தூசும் டாங்குக்குள் போகின்றன. 2020இல் பிஎஸ்-6 டீசல் வந்த பிறகு ‘புது டீசலில் வழவழப்பு இல்லை, பம்ப் தேயுது’ என்ற பேச்சு உண்டு. கந்தகம் குறைந்தது உண்மை. ஆனால் வழவழப்புக்கும் டீசல் தரத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். பம்ப்பைத் தின்பது பெரும்பாலும் கேன் தண்ணீர்தான். கேனை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடி டீசலை விட்டுவிட்டு மேலாக ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பம்ப்பைக் கழற்ற நேர்ந்தால் அதன் அடியில் காகிதம் மாதிரி மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். டீசல் எந்த நொடியில் பீய்ச்சும் என்பதை அந்தத் தடிமன்தான் முடிவு செய்கிறது. ஒரு தகடு குறைந்தால் எஞ்சின் தட்டும் சத்தமே மாறிவிடும். வால்வு இடைவெளியும் இப்படித்தான்: குபோட்டாவின் 03 வரிசை எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில், 0.18 முதல் 0.22 மி.மீ.; சின்ன 05 வரிசைக்கு 0.145 முதல் 0.185. இரண்டுக்கும் ஒரே கேஜ் தகட்டை விட்டு ‘சரியா இருக்கு’ என்று மூடிவிட முடியாது.

ரேடியேட்டருக்கு நாகப்பட்டினம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் ஆகவே ஆகாது. கூலன்ட் கலவைதான் ஊற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் முன் வலையில் அடைக்கும் வைக்கோல் தூசை தினமும் தட்ட வேண்டும். ஒருமுறை கொதித்தால் ஹெட் வளையும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழி வரும்.

எஞ்சின் வேலை என்று வந்துவிட்டால் ஒரு வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும். பல இந்திய டிராக்டர்களில் லைனரை உருவிவிட்டுப் புதுசு போடலாம். இந்த ஜப்பான் எஞ்சின்களில் பிளாக்கிலேயே சிலிண்டர் குடைந்திருக்கும். தேய்ந்தால் போர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். துல்லியமான லேத் பட்டறை இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. அதற்கு முன் கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்; சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால், நீலப் புகைக்கு வேறு காரணம் தேடலாம்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம்

முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படிதான் கியர் கணக்கு. சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கரைந்துவிடும். தார் ரோட்டில் கரைய வழியில்லை. கியரும் ஷாஃப்டும் முறுக்கேறி நிற்கும். லீவரை எடுக்க மறந்து டவுன் வரை ஓட்டுவதால் தேய்வது டயர் மட்டும் அல்ல. ‘கிடைச்ச சைஸ்’ டயரைப் பின்னால் மட்டும் மாற்றினாலும் அதே கணக்கு கெடும். எல் 4508க்கு முன் டயர் 8-18, பின் டயர் 13.6-26. ஜோடியாகத்தான் யோசிக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு

காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது உத்தமம். எஞ்சின் மேல் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். போனதும் சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்.

டிப்ஸ்டிக் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். விற்பவருக்கும் தெரியும், அதனால் ஆயிலை முந்தின நாளே மாற்றி வைத்திருக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் முன் ஆக்ஸில் வடிகால் போல்ட்டை, அனுமதி கேட்டு, அரைச் சுற்றுத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது எது என்று தெரியும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும், அதுதான் முதலில் வரும்.

ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்குள் தரையில் படுத்துவிட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. மணிக்காட்டி எண்ணை நம்ப வேண்டாம். பெடல் ரப்பரையும் பின்னால் கருவி மாட்டும் ஓட்டைகளையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் இருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது.

வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று சந்தேகம் இருந்தால், அல்லது உங்கள் வண்டியே முங்கிவிட்டால், ‘ஒருதடவை செல்ஃப் அடிச்சுப் பாப்போம்’ என்ற ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்று மாதிரி அமுங்காது; வளைவது கனெக்டிங் ராடுதான். நாசிலைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றது.

ஆர்சியில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். ஆன்லைனில் ‘ஜப்பானிலிருந்து நேரடி இறக்குமதி’ என்று விலை குறைவாக வரும் பழைய வண்டிகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் வகை ஒப்புதல் பெறாத மாடலை இங்கே பதிவு செய்ய முடியாது.

பாகம் கிடைக்குமா?

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இங்கே பொருந்தும். ஜப்பான் வயல்களில் ஓடிய பழைய குபோட்டா டிராக்டர்களை வியாபாரிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கம்பெனி வழக்குப் போட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வண்டிகள், பாகங்களும் எச்சரிக்கை லேபிள்களும் வேறு என்பது வாதம். 1997இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் கம்பெனி பக்கம் முடிவு சொன்னது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. தஞ்சாவூர்க்காரருக்கு இதில் என்ன? ஒரே வரிசைப் பெயர் கொண்ட வண்டி நாட்டுக்கு நாடு உள்ளே மாறும். அதனால் மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆன்லைனில் பாகம் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். சீரியல் எண் தகட்டைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தால், டீலரிடம் அந்த எண்ணுக்கான பாக எண்ணைக் கேட்டு வாங்கலாம். பாக எண் கையில் இருந்தால் சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் பேச்சு சுலபம்.

இந்தியாவில் கம்பெனி தரப்பும் மாறிவிட்டது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தில் குபோட்டா பங்கைக் கூட்டி, 2022இல் பெயரே எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆனது. அதே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றிக் குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொண்ட 4 துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. கையேடும் பாகமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் சாரம். ஆனால் இது இன்னும் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமாகவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024 ஜனவரி முதல் விவசாயக் கருவிகளுக்கு இது சட்டமே. செலவுப் பக்கம் ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், டியூப், குறிப்பிட்ட உதிரிபாகங்களுக்கு 18இலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய எஸ்டிமேட் இருந்தால் புதுசாகக் கேளுங்கள்.

சரி, எப்போது விற்பது? முன் ஆக்ஸிலில் பல் போய், எஞ்சினும் போர் கேட்டு, கிளட்ச்சும் பிடிக்காமல் மூன்றும் ஒரே வருடத்தில் வந்தால் ரிப்பேர் கணக்கு நிற்காது. மூன்றில் ஒன்று என்றால் பார்க்கலாம். வாடகைக்கு ஓடாத, சொந்த நிலம் மட்டும் உழும் வண்டியாக இருந்தால் இரண்டு வந்தாலும் பார்க்கலாம்.

வயதுக் கணக்கு இன்னொன்று ஆர்டிஓவில் இருக்கிறது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்லாத வகை. பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2010, 2011இல் பதிவான வண்டிகளுக்கு அந்தத் தேதி வந்துவிட்டது அல்லது வாசலில் நிற்கிறது. விளக்கு, பிரேக், ஸ்டியரிங் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதால், பட்டறை வேலையையும் புதுப்பித்தலையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குத் தோதான நேரம் கோடை. மார்ச்சிலிருந்து மே வரை பட்டறையில் கூட்டம் குறைவு. வரவழைக்க வேண்டிய பாகத்துக்கும் அவகாசம் இருக்கும். ஜூனில் போனால் அதே ஃபிட்டர் வாசலில் ஏழு வண்டி நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை மூலம் அரசு டிராக்டருக்குப் பதிவு செய்து பார்க்கலாம். ஆனால் தண்ணீர் வந்த வாரத்தில் அங்கும் வரிசைதான்.